புண்ணாக்கு மிசினுக்குக் கம்பீரம் பெல்ட்

பழைய இரும்புக் கடையில் குமாரவேலின் கண்ணில் பட்டது ஒரே ஒரு வார்த்தைதான். துருவுக்கும் பெயிண்டுக்கும் நடுவே, வார்ப்பு எழுத்தில் 'காட்டன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. திருப்பூர்க்காரனுக்கு அது போதாதா? வீரபாண்டியில் இருபது வருடமாக 'கம்பீரம்' பிராண்டு ஜட்டி தைத்துத் தள்ளுகிற மனுஷன் அவர். நம்ம தொழிலுக்கே பாட்டன் இந்த மிசின்தான் என்று முடிவு கட்டி, கூடக் கிடந்த ஒற்றை சிலிண்டர் ஆயில் என்ஜினையும் சேர்த்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, கம்பெனி மூலையில் இறக்கிவிட்டார்.

மனைவி சித்ராதேவி இடுப்பில் கை வைத்தபடி சுற்றி வந்து பார்த்தாள். கட்டிங் டேபிள் போட அவள் ஒதுக்கி வைத்திருந்த மூலை அது.

“ஏனுங்க, இது என்னங்க பண்ணும்?”

“காட்டன் மிசினு சித்ரா. காட்டன்ல என்னமோ பண்ணும்.”

“ஞாயித்துக்கெழமை மத்தியானம் பன்னெண்டு மணிங்க. அதுக்குள்ள ஓடி, உருப்படியா ஒரு வேலை பண்ணுச்சுன்னா இருக்கட்டும். இல்லீன்னா வந்த வழியே போயிரோணும்.”

ஜட்டியை யார் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், சொல்லுங்கள்? மிசினை இறக்கி அரை மணி ஆகவில்லை, டீக்கடைக்காரரும் பக்கத்துச் சாயப்பட்டறை மேனேஜரும் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பிறந்ததிலிருந்து குமாரவேலின் பொருள் ஒன்றை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மிசினைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசே வரவில்லை.

டெய்லர் ஆரோக்கியராஜ், தூத்துக்குடிக்காரர், துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து வார்ப்பெழுத்தின் மேல் தேய்த்தார். துருவுக்குள்ளிருந்து எழுத்துகள் வெள்ளை வெளேரென்று எழும்பின: காட்டன் கேக் பிரேக்கர்.

“கேக்கு ஒடைக்க மிசினா மொதலாளி? நாங்க கிறிஸ்மஸுக்குக் கத்தியிலதான வெட்டுவோம்!”

குமாரவேல் படம் பிடித்து, ஊத்துக்குளியில் எருமைப் பண்ணை வைத்திருக்கும் மச்சான் சாமியப்பனுக்கு அனுப்பினார். சித்ராதேவிக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். உடனே போன் வந்தது. முதலில் சிரிப்பு மட்டும்தான் வந்தது, பேச்சு வர ரெண்டு நிமிஷம் ஆயிற்று.

“மாப்ள, காட்டன் கேக்குன்னா பருத்திப் புண்ணாக்குங்க! மாட்டுக்குப் போடறதுக்குப் புண்ணாக்குக் கட்டிய ஒடைக்கற மிசினைக் கொண்டாந்து ஜட்டிக் கம்பெனியில வெச்சிருக்கீங்களே!”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாமியப்பன் ஒரு மூட்டை புண்ணாக்குடன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உதவிக்கு வந்தாராம்! முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எதற்கு வந்தார் என்று.

என்ஜினை ஆரோக்கியராஜ் டீசலில் கழுவித் தயார் செய்திருந்தார். என்ஜின் சக்கரத்தையும் மிசின் சக்கரத்தையும் இணைக்கிற பட்டை பெல்ட்தான் இல்லை. கடையெல்லாம் பூட்டு.

“பெல்ட்டுக்கா நம்மகிட்டப் பஞ்சம்?” என்றார் குமாரவேல். ஜட்டிக்குப் போடுகிற இடுப்பு எலாஸ்டிக்கை மூன்று அடுக்காக வைத்து ஓவர்லாக் தையல் அடித்து மாட்டினார்கள். நீளம் முழுக்கக் கம்பீரம், கம்பீரம் என்று நெய்திருந்தது.

ஆரோக்கியராஜ் கைப்பிடியைச் சுற்றினார். என்ஜின் இருமியது, கரும்புகை கக்கியது, அப்புறம் டக்கு டக்கென்று பிடித்துக்கொண்டது. மிசினோ அசையவில்லை. எலாஸ்டிக் இழுபட்டது, இன்னும் இழுபட்டது. திடீரென்று மிசின் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. அடுத்த இழுப்பில் பெல்ட் எகிறிப் பறந்து, மாலை மாதிரி சாமியப்பன் கழுத்தில் விழுந்தது.

மணி பதினொன்று நாற்பது.

சாமியப்பன் கழுத்துக் கம்பீரத்தைக் கழற்றக்கூட இல்லை. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். “சித்ரா, புண்ணாக்கு மிசினைப் புண்ணாக்குதாம் புள்ள வாங்கும்!”

குமாரவேல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகம் செத்துப்போனதைச் சித்ராதேவி பார்த்தாள். அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை கோபம்!

“அண்ணா, எங்கூட்டுக்காரரைப் புண்ணாக்குன்னு நானு சொல்லுவேன். நீங்க சொல்லப்படாது.”

விறுவிறுவென்று வேனுக்குப் போய், மூட்டை கட்டுகிற நைலான் பட்டையை உருவிக்கொண்டு வந்தாள்.

“நீளற சரக்கைப் போட்டா நீளாம என்னங்க பண்ணும்? தொழில்காரர் பண்ற வேலையா இது?” என்றாள் புருஷனிடம்.

டிரவுசர் பாக்கெட் பிய்ந்துபோகாமல் பூட்டுத் தையல் போடுகிற மிசினில் தானே உட்கார்ந்து, பட்டையின் இரு நுனியையும் சேர்த்துப் பத்து இடத்தில் அடித்தாள். மாட்டிவிட்டு, “ஆரோக்கியண்ணா, பெல்ட்டு வெறைக்கற வரைக்கும் என்ஜினைப் பின்னால தள்ளிக் கட்டுங்க” என்றாள்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மிசின் ஓடியது. உள்ளே பல் உருளைகள் கடகடவென்று சுற்ற, குமாரவேல் ஒரு புண்ணாக்குக் கட்டியைப் போட்டார். கீழே பொலபொலவென்று தூளாகக் கொட்டியது. ஆரோக்கியராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். குமாரவேல் கூச்சமே இல்லாமல் கண்ணைத் துடைத்தார்.

சாமியப்பன் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தார். சிரிப்பு எங்கோ போயிருந்தது. “நல்லாத்தான் ஒடைக்குதுங்க மாப்ள. எங்க பண்ணைக்கே குடுத்துருங்களேன்?”

“அதெல்லாம் தரமாட்டமுங்க” என்றாள் சித்ராதேவி. “வாராவாரம் மூட்டைய இங்க கொண்டாந்து ஒடச்சுட்டுப் போங்கண்ணா. அந்த மூலை மிசினுக்குத்தான். கட்டிங் டேபிளை நானு வேற எங்கயாச்சும் போட்டுக்கறேன்.”

அண்ணன் கை கழுவப் போனதும் புருஷன் பக்கம் திரும்பினாள். தலைமுடியிலிருந்து மீசைவரை தூள் படிந்து, சிரித்துக்கொண்டு நின்றார் குமாரவேல்.

“ஏனுங்க புண்ணாக்கு, சோறு ஆறுது. வாங்க.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதே இல்லை.