மக்கு வைத்த மேசை

மேசைப் பலகையில் இன்னும் நான்கு ஆணி ஓட்டைகள்தான் பாக்கி. பாலிஷ்காரர் டப்பா மூடி ஒன்றில் மரத்தூளைக் கொட்டி, பசை விட்டு, கத்தி முனையால் குழைத்துக்கொண்டிருந்தார். மரத்தில் ஓட்டை அடைக்கிற இந்தச் சாந்துக்கு மக்கு என்று பெயர். மக்கு வைக்க யாராலும் முடியும். வைத்தது தெரியாமல் வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். அதே பலகையைத் தேய்த்து விழுந்த தூளாக இருக்க வேண்டும். வேறு மரத்தூள் கொஞ்சம் கலந்தாலும் காய்ந்த பிறகு நிறம் காட்டிக்கொடுத்துவிடும். காலையிலிருந்து விழுந்த தூளை அவர் அதற்காகவே ஒரு காகிதத்தில் கூட்டி மடித்து வைத்திருந்தார்.

வேலை நேரம் முடிந்து அரை மணி ஆகியிருந்தது. அவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை. பட்டறை வாசலில் சரக்குப் பெட்டிகளை உடைத்து ஆணி பிடுங்கும் பெண் கை கால் கழுவிவிட்டு, பையோடு வந்து நின்றாள். அவளை எல்லோரும் ஆணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னண்ணே, பொண்ணுக்கு இன்னும் அலங்காரம் முடியலையா?"

"நீ போட்ட ஓட்டையைத்தான் அடைச்சுக்கிட்டு இருக்கேன்."

"நான் பிடுங்க, நீங்க அடைக்க. நல்லா இருக்கு நம்ம பொழப்பு." அவள் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தாள். "ஆத்தாடி, எங்கே இருந்துச்சுன்னே தெரியலையே!"

அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் கத்தியைத் துடைத்தார்.

அலமாரி செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பாலிஷ் போட்டவர் அவர். அது மூடியது. எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு இந்தப் பட்டறைக்கு வந்தார். துறைமுகத்தில் கழித்துப்போடும் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து மேசையும் அலமாரியும் கட்டிலும் செய்கிற இடம். பசுமைக்குப் பசுமை, விலையும் குறைவு என்று புதிதாக வீடு போடுகிறவர்கள் தேடி வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் சுவரில் பச்சைப் பெயிண்டில், 'பழையதில் புதியது. பூமிக்குச் சுமையில்லை' என்று எழுதியிருக்கும். இதுவரை அலமாரித் தட்டுகளைத் தேய்க்க மட்டும்தான் அவரை விட்டிருந்தார்கள். பன்னிரண்டு மேசைக்கு ஆர்டர் வந்ததும் மேஸ்திரி முதல் மேசையை அவரிடம் கொடுத்தார்.

"உங்களுக்கு ஆறு மாசச் சோதனைக் காலம் முடியப்போகுது. இதைப் பார்த்துட்டு முதலாளி நிரந்தரம் பண்ணிடுவாரு. நல்லா பண்ணுங்க" என்றார். எப்படி நல்லது என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பாலிஷில் நல்லது ஒன்றுதான் உண்டு என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவர்.

நிரந்தரம் ஆனால் மருத்துவ அட்டை கிடைக்கும். அவர் மனைவிக்கு இரண்டு வருடமாகக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. தையல் கம்பெனி வேலையை விட்டாயிற்று. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "அட்டையோட வாங்க, மறு வாரமே தேதி குடுத்துடறோம்" என்று நர்ஸ் சொன்னதை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஓட்டையையும் அடைத்து, உப்புத்தாளால் இழுத்து, துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மேசை தண்ணீர் மாதிரி கிடந்தது.

*

மறுநாள் காலை முதலாளி வந்தார். முப்பது வயதைத் தாண்டாதவர். வேலைக்காரர்கள் எல்லோரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. மேசையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். உள்ளங்கையால் தடவினார். பிறகு விரல் நுனியால் தேடினார்.

"ஓட்டையெல்லாம் எங்கேண்ணா?"

பாலிஷ்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தெரியாதுங்க சார். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது."

"அதைத்தான் கேக்கறேன். எங்கே?"

"நாப்பத்தேழு ஓட்டை இருந்துச்சு சார். எல்லாத்தையும் மக்கு வச்சு அடைச்சுட்டேன்."

முதலாளி மேசையிலிருந்து விரலை எடுத்தார். "அந்த ஓட்டைக்காகத்தாண்ணா அவங்க வாங்கறாங்க. பழைய மரம்னு பார்த்த உடனே தெரியணும். ஓட்டை இல்லேன்னா இது சாதாரண கடை மேசை. அதுக்கு அவங்க ஏன் நம்மகிட்ட வரணும்?" என்றார் மெதுவாக. மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு நாலு மணிக்கு ஆர்டர் குடுத்த டிசைனர் மேடம் வராங்க. பாத்துக்கோங்க." அவ்வளவுதான். செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

அவர் விட்டுப்போன சத்தத்தை மேஸ்திரி போட்டார். "யாராவது கேட்டாங்களா உங்களை? இத்தனை வருஷம் வேலை பார்த்த ஆளு, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? மக்கு வச்ச மக்கு!"

பட்டறை முழுக்கச் சிரித்தது. அன்று மத்தியானத்துக்குள் அவருக்கு மக்கு அண்ணன் என்ற பெயர் விழுந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு பெயர் வந்தால் வலிக்கத்தான் செய்யும். வலித்தது. கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

அடைத்த ஓட்டையைத் திறக்கலாம் என்றால் அவருக்கே இடம் தெரியவில்லை. அத்தனை சுத்தமான வேலை. மெஷினால் துளைத்தால் அச்சில் வார்த்த வட்டமாக வந்துவிடும் என்றார் மேஸ்திரி. ஒரு தகர டப்பா நிறையப் பழைய ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து வைத்தார்.

"அடிச்சுப் பிடுங்குங்க. வரிசையா அடிக்காதீங்க, போட்டதுன்னு தெரிஞ்சுபோயிடும். பிடுங்கறப்ப ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடுங்கணும். ஓரம் கொஞ்சம் பிய்யணும். முடிச்சுட்டுப் பின்னாடி வாங்க, இன்னும் பதினொண்ணு இருக்கு."

பின்பக்கத் தகரக் கொட்டகையில் அந்தப் பதினொரு மேசைகளும் நின்றன. பலகை புதுசு. மரப்பால் வாசனைகூடப் போகவில்லை. இந்த மாதம் பழைய பெட்டி வரத்துக் குறைவாம். இரண்டு பேர் இரும்புச் சங்கிலியை மடித்துப் பிடித்து மேசைகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் துணியை முக்கித் தடவினார். ஆணியக்கா பிடுங்கிப்போட்ட துருப்பிடித்த ஆணிகள் ஒரு வாளியில் ஊறின; அந்தக் கருந்தண்ணீரை ஓட்டைகளைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். மரத்துக்கு ஒரே நாளில் அறுபது வயது ஆகிக்கொண்டிருந்தது.

டீ நேரத்தில் ஆணியக்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேசைக் காலில் தொங்கிய அட்டைச் சீட்டை எடுத்துக் காட்டினாள். "இதுல என்னண்ணே போட்டிருக்கு?"

"நச்சுப் பொருள் சேர்க்காதது. காலம் முடிந்ததும் மண்ணோடு மக்கும்."

"மக்கும்னா போட்டிருக்கு? அப்ப உங்க பேரைத்தான் போட்டிருக்காங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னால் மட்டும் வலிக்கவில்லை.

*

அவர் வீடு மூன்றாவது மாடியில் ஒரே அறை. அறையில் ஒரு கட்டில், ஒரு மடக்கு நாற்காலி, அடுப்பு மேடை. ஜன்னல் கம்பியில் துவைத்த துணிகள் காய்ந்தன. எத்தனை துவைத்தாலும் போகாத கறைத் துணிகளை மட்டும் அவர் மனைவி கதவுக்குப் பின்னால் போட்டிருந்தாள். நடந்ததை அவர் ஒன்று விடாமல் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது. ஓட்டையை அடைக்கறதுக்குச் சம்பளம் வாங்குனீங்க, இப்ப போடறதுக்கு வாங்கறீங்க. உங்களுக்கென்ன?"

"நான் பண்ணது தப்பாடி?"

"தப்பு என்ன? கேட்டிருக்கலாம். நீங்க எதையாவது கேட்டிருக்கீங்களா? கல்யாணத்துல தாகம் எடுத்தப்பக்கூடக் கேக்காம மயங்கி விழுந்த ஆளு." அவள் தலையணைக்கு அடியிலிருந்து மருத்துவ அட்டைக்கான படிவத்தை எடுத்தாள். எல்லாக் கட்டத்தையும் தன் கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். கீழே ஒரு கட்டம் மட்டும் காலி. "நாளைக்குக் கடைசி நாள். முதலாளி கையெழுத்து வாங்கிடுங்க."

"கோவத்துல இருக்காரு."

"கோவம் வேற, கையெழுத்து வேற. அழுத பிள்ளைக்குத்தான் பால். எனக்காகக் கேளுங்க." கடைசி இரண்டு வார்த்தையில் அவள் குரல் இறங்கிவிட்டது. அவளுக்கு உதடு வெளுத்து, நகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையைக் கையால் அழுத்திக்கொண்டார்.

*

காலையில் நேராக ஆபீஸ் அறைக்குப் போனார். கணக்கு எழுதும் ஆபீஸம்மா படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்தோட அஞ்சு மணிக்குள்ள குடுங்க, கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன். அஞ்சுக்கு மேல அது தானா மூடிக்கும். அப்புறம் மூணு மாசம் கழிச்சுத்தான் புதுப் பேர் சேர்ப்பாங்க. பாத்துக்கோங்கண்ணே, நான் சொல்லலேன்னு சொல்லக் கூடாது."

முதலாளி பதினொரு மணிக்கு வந்தார். பாலிஷ்காரர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் போய்க் கேட்டார். முதலாளி படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார். சிரித்த முகம்தான்.

"கண்டிப்பாப் போடறேன்ணா. மேடம் வந்து மேசையைப் பார்த்துட்டுப் போகட்டும். அவங்க ஓகேன்னா நீங்களும் நிரந்தரம். அந்த நிமிஷமே போட்டுடறேன்."

அன்று அவர் உழைத்த மாதிரி அந்தப் பட்டறையில் யாரும் உழைத்திருக்க மாட்டார்கள். ஆணியை அடித்தார், சாய்த்தார், பிடுங்கினார். ஓரத்தைப் பிய்த்தார். பிய்ந்த இடத்தை உப்புத்தாளால் லேசாக மழுக்கி, பல வருடம் கைபட்ட மாதிரி ஆக்கினார். கருந்தண்ணீரை ஈர்க்குச்சியால் தொட்டு வைத்தார். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. தொழில் தெரிந்த கை அல்லவா, பொய்யையும் சுத்தமாகச் செய்தது. மூன்றரைக்கு மேஸ்திரி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா! எங்களுக்கே சந்தேகம் வருது" என்றார். மக்கு என்று சொல்லவில்லை.

நான்கு மணிக்கு வர வேண்டிய டிசைனர் மேடம் நான்கரை தாண்டி வந்தாள். சின்னச் சின்ன வீடுகளைக் குறைந்த செலவில் அலங்கரித்துக் கொடுப்பவள். கழுத்தில் கேமரா தொங்கியது. பாலிஷ்காரரின் மேசையின்மேல் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த ஓட்டையெல்லாம் எவ்வளவு அழகு! இதெல்லாம் போலியாப் பண்ணவே முடியாது, இல்ல?"

"முடியவே முடியாது மேடம்" என்றார் முதலாளி. "கடல் கடந்து வந்த மரம். அண்ணாதான் இதைப் பார்த்துக்கிட்டாரு." அவர் பாலிஷ்காரரின் தோளைத் தொட்டுக் காட்டினார்.

அவள் திரும்பி அவருடைய கையைப் பார்த்தாள். துருவும் மரத்தூளும் அப்பி, நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்த கை. "ஐயோ, இந்தக் கைதான் வேணும்! மேசை மேல வைங்கண்ணா, ஒரு படம் எடுத்துக்கறேன். பன்னிரண்டு வீட்டு விளம்பரத்துக்கும் இதுதான்."

"கழுவிட்டு வந்துடறேன்மா."

"வேண்டாம், கழுவவே கழுவாதீங்க. அப்படியே வேணும்."

அவர் கையை வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. அவள் ஒரு பக்கம் நின்று எடுத்தாள், மறுபக்கம் போனாள், ஸ்டூலில் ஏறினாள். விளக்கை அணைக்கச் சொன்னாள், மறுபடி போடச் சொன்னாள்.

"சார்" என்றார் பாலிஷ்காரர். "அந்த ஃபாரம்..."

"ஒரே நிமிஷம்ண்ணா." முதலாளியின் சட்டைப் பையில் பேனா இருந்தது. கை எட்டும் தூரம்தான்.

எதிரே ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. ஆபீஸம்மா வாசலில் வந்து நின்று, கூட்டத்துக்கு மேலாக அவரைப் பார்த்தாள். தன் மணிக்கட்டை விரலால் தட்டிக் காட்டினாள். அவர் மேசையிலிருந்து கையை எடுத்துச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார்.

"ஐயோ, எடுக்காதீங்கண்ணா! வெளிச்சம் இப்பத்தான் சரியா விழுந்தது."

முதலாளி அவரைப் பார்த்தார். காலையில் பார்த்த அதே சிரித்த முகம்தான். கையை எடுத்தால் மேடம் போய்விடுவாள், மேடம் போனால் கையெழுத்து இல்லை. எடுக்காவிட்டால் நேரம் இல்லை. அவர் மெதுவாகக் கையைப் பழைய இடத்தில் வைத்தார்.

ஆபீஸம்மா இன்னும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள். ஆபீஸ் அறையில் விளக்கு அணைந்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அவர் இருக்கும் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

"கை ரொம்ப இறுக்கமா இருக்குண்ணா" என்றாள் மேடம், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. விரலைக் கொஞ்சம் தளர்த்துங்க."

அவர் விரல்களைத் தளர்த்தினார்.