ரவுட்டருக்கு வலது பக்கம் எது?

பல் டாக்டர் வீட்டு ரவுட்டர் ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஆனால் அதன் தலையில் ஏற்றியிருந்த வேலை இருக்கிறதே, ஒரு தபால் நிலையத்தையும் ஒரு ரயில் நிலையத்தையும் சேர்த்து வைத்தாலும் இரண்டும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடும். மாடியில் வீடு, கீழே பல் மருத்துவமனை. மாடியில் மூன்று ஃபோன், ஒரு டிவி. கீழே இரண்டு கம்ப்யூட்டர், போதாக்குறைக்குப் பல்லை எக்ஸ்ரே எடுத்துத் திரைக்கு அனுப்பும் கருவி ஒன்று. இத்தனை பேருக்கும் நடுவில், மாடிப்படித் திருப்பத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டு, யார் எதைக் கேட்டார்கள், யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள அதற்கு இருந்த மெமரி வெறும் முப்பத்திரண்டு எம்.பி. பாவம், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அதற்கு மூச்சு நின்றுவிடும்.

அந்த நேரம் பார்த்துக் கீழே யாராவது வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவருடைய கடைவாய்ப்பல் திரையில் பாதி வந்து நின்றுவிடும். மீதிப் பாதியைப் பார்க்க, டாக்டரின் மகள் கையுறையைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறி, பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் செருகிவிட்டு வர வேண்டும். அவளும் பல் டாக்டர்தான். இந்த நாலு மாதமாக மருத்துவமனையை அவள்தான் தனியாக நடத்துகிறாள்.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாம்பா. என்னால படியேறி முடியல."

"எதுக்கும்மா புதுசு? இதுக்கு ஒரு குறையும் இல்ல, ஞாபகம்தான் பத்தல. மெமரி சிப்பை மாத்திட்டா போதும்" என்றார் டாக்டர். "பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின மெமரிப் பட்டை பீரோல கிடக்கு. அதுல நாலு சிப் இருக்கு, ஒவ்வொண்ணும் அறுபத்து நாலு எம்.பி. பழசைச் சூடு காட்டி எடுத்துட்டு, அதுல ஒண்ண சால்டர் பண்ணிட்டா தீர்ந்தது. மொத்தமே அம்பத்து நாலு கால்தான்."

"அம்பத்து நாலு காலையும் யாரு சால்டர் பண்றது?"

டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். அறுபத்தொன்பது வயதுக் கைகள் இரும்புக் கம்பி மாதிரி அசையாமல் நின்றன.

இந்தக் கைகளில்தான் விஷயமே இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் மகள் ஒரு நாள், "கை லேசா ஆடுதுப்பா, இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று பக்குவமாகச் சொல்லி நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டாக்டருக்கு அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் வரவில்லை. கை ஆடவில்லை என்பதை நிரூபிக்க அவர் செய்யாத வித்தை இல்லை. கரண்டி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பதினெட்டுப் படியும் இறங்கி ஏறினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. சிந்தியது, ஆனால் அது கரண்டியின் கோளாறு. ஓர் அரிசியின் மேல் தன் முழுப் பெயரையும் பட்டத்தையும் எழுதினார். கை ஆடவில்லைதான், ஆனால் அரிசியைக் காணோம்.

"இப்பப் பேசிக்கலாம்" என்றார். "ரவுட்டர் ஓடுச்சுன்னா சனிக்கிழமை காலைல நாற்காலி எனக்கு. ஓடலன்னா, இனிமே நாற்காலிப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்தச் 'சரி'யில் ஏதோ ஒன்று இழுத்தது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஏற்கெனவே பாதிப் படி இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருத்துவமனைக்கு விடுமுறை. டாக்டர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை முழுசாகச் சாய்த்து, மேலே பெரிய விளக்கை எரியவிட்டார். ரவுட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பச்சை அட்டையை ஆன்டெனா தலைமாட்டில் வருகிற மாதிரி படுக்கவைத்தார். அத்தோடு விட்டாரா? நோயாளியின் கழுத்தில் கட்டும் காகிதத் துண்டை எடுத்து அதற்கும் கட்டிவிட்டார்.

"அப்பா!"

"எச்சில் ஒழுகினா?"

சூடான காற்றை ஊதும் கருவியைக் கையில் எடுத்தார். சுற்றியிருந்த சின்னச் சின்னப் பாகங்களுக்கு அலுமினியத் தாளால் போர்வை போர்த்தினார். அவர் வாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பயப்படாதே. லேசா ஒரு சூடு, அவ்வளவுதான். போன வருஷம் ஒரு தாசில்தார் வந்தாரு, ஆறடி ஆளு, ஊசியைப் பார்த்ததும் அந்த ஜன்னல் வழியாக் குதிச்சு ஓடிட்டாரு. நீ அப்படியெல்லாம் ஓட மாட்டே, உன்கிட்ட சக்கரம் இல்ல..." ஈயம் இளகியது. சாமணத்தால் ஒரு தூக்குத் தூக்கினார். பழைய சிப் வலியில்லாமல் கையோடு வந்தது. தட்டில் போட்டார், 'டிங்' என்றது.

"ரத்தமே இல்ல பார்த்தியா?"

அடுத்து சிப் இருந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு போதும் என்றுதான் உலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. பல்லை மெருகேற்றும் சுழல் பிரஷ்ஷை எடுத்து, 'விர்ர்' என்று ஒரு ஓட்டு ஓட்டினார். இடம் கல்யாணத்துக்குப் போகிறவன் முன்பல் மாதிரி பளபளத்தது. சிப்பை எந்தப் பக்கமாக வைக்க வேண்டும் என்று காட்ட அங்கே அச்சடித்திருந்த வெள்ளைக் குறியும் அந்தப் பளபளப்போடு போயே போய்விட்டது.

"பரவால்ல. பேப்பரைப் படி" என்றார்.

இன்டர்நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருந்த செய்முறையை மகள் அச்செடுத்து வைத்திருந்தாள். அதிலிருந்த படம் மட்டும், பிரிண்டரில் மை அப்பிக்கொண்டதால், கரி பூசிய கட்டமாக வந்திருந்தது. எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது.

"ஆன்டெனா மேல் பக்கம் இருக்கட்டும். சிப்பின் மூலையில் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி வலது பக்கம் வர வேண்டும்" என்று படித்தாள்.

"எந்தப் பக்கம், வலதா?"

"வலது."

டாக்டர் புள்ளியை வலது பக்கம் வைத்தார். மகள் குனிந்து பார்த்து, "ஆமா, வலது" என்றாள்.

அப்புறம் நடந்ததை நின்று பார்த்திருக்க வேண்டும். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. டாக்டர் பூதக்கண்ணாடி பொருத்திய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முள் மாதிரி முனையுள்ள சால்டர் கம்பியைப் பிடித்தார். இந்தப் பக்கம் இருபத்தேழு, அந்தப் பக்கம் இருபத்தேழு. ஒவ்வொரு காலுக்கும் கடுகில் நூற்றில் ஒரு பங்கு ஈயம். நாற்பது நிமிஷம் மூச்சைக்கூடக் கணக்காகத்தான் விட்டார். ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை. தாசில்தார் குதித்த ஜன்னல் முதல் மாடிக்குப் போய், இரண்டாவது மாடிக்கும் போய்விட்டது. கடைசிக் காலை ஒட்டி முடிக்கும்போது தாசில்தார் விமானத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்.

மகள் அந்தக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு ஐம்பத்து நாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது மாதிரி நின்றன. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை, ஒன்றும் விலகவில்லை. 

பிளக்கைச் செருகினார்கள்.

பவர் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். மற்ற விளக்குகள் ஒன்றும் கண் திறக்கவில்லை. ரவுட்டர் பல்லிளித்தது. மகள் சிப்பைத் தொட்டுப் பார்த்து, "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். "தோசைக்கல் மாதிரி கொதிக்குதுப்பா!" என்று பிளக்கைப் பிடுங்கினாள்.

டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. சனிக்கிழமை கண்ணெதிரே புகையாகப் போய்க்கொண்டிருந்தது. "கால்ல தப்பு இல்லையே? நீதானே பார்த்தே?"

"கால்ல தப்பே இல்லப்பா."

"அப்ப என் கைல தப்பு இல்ல."

"ஆனா ஓடலையே. பேச்சு பேச்சுதான்."

அந்த நேரத்தில் மாடியிலிருந்து டாக்டரின் மனைவி இறங்கி வந்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். முப்பது வருஷமாகக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை மிதித்து மிதித்தே ஊரில் பாதிப் பேரை உயிரோடு வைத்திருக்கிறவள். நாற்காலியில் துண்டு கட்டிக்கொண்டு கிடந்த ரவுட்டரை ஒரு பார்வை பார்த்தாள். "என்ன, பேஷன்ட் போயாச்சா?"

"வாயை வச்சுட்டுச் சும்மா இரு."

அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. பேப்பரை எடுத்தாள், படித்தாள், சிப்பைப் பார்த்தாள், திரும்பப் பேப்பரைப் பார்த்தாள். "வலது பக்கம்னு போட்டிருக்கு. நீங்க இடது பக்கம் வச்சிருக்கீங்க."

"வலதுதான்" என்றார் டாக்டர்.

"வலதுதாம்மா" என்றாள் மகள்.

"எதுடி வலது? கையைக் காட்டு."

மகள் புள்ளியைக் காட்டினாள். அது அவளுக்கு இடது கைப் பக்கம் இருந்தது. காட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. டாக்டருக்கும் உறைத்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர்களுக்கு வலது என்றால் அது நோயாளியின் வலது. எதிரே வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவரின் வலது பக்கம் டாக்டருக்கு இடது பக்கம் வரும். படிப்பில் முதல் நாள் அதைத்தான் மண்டையில் அடித்து ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் சொத்தைப் பல் இருக்க நல்ல பல் போய்விடும். ரவுட்டரை நாற்காலியில் சாய்த்துத் துண்டும் கட்டிவிட்ட பிறகு, இரண்டு டாக்டர்களும் அதன் வலது கைப் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அலமாரியில் இருந்த பல்செட்டுகள் மூன்றும் கடகடவென்று தாளம் போட்டன. "நான் வலது பக்கம் திரும்புன்னு சொன்னா, நீங்க ரெண்டு பேரும் எதிர்ல வர்ற லாரிக்கு வலது பக்கம் திரும்புவீங்க. நல்லவேளை, ரெண்டு பேருக்கும் நான் லைசென்ஸ் வாங்கித் தரல!"

"அப்ப கை தப்பு இல்ல. உன் கண்ணும் சேர்ந்துதான் தப்பு பண்ணியிருக்கு" என்று டாக்டர் மகளிடம் துள்ளினார். "பேச்சு இன்னும் உயிரோட இருக்கு!"

மகளால் மறுக்க முடியவில்லை. கொதித்த சிப் செத்துப்போயிருந்தது. பட்டையில் இன்னும் மூன்று இருந்தன. இந்தத் தடவை மனைவி தலைமாட்டில் நின்றுகொண்டு, "என் வலது இல்ல, உங்க வலது... ஆங், அங்கதான், நிறுத்துங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க" என்று சிப்பைப் பார்க்கிங் செய்வித்தாள். மறுபடியும் ஐம்பத்து நாலு கால். தாசில்தார் நிலாவரைக்கும் போய்த் திரும்பினார்.

பிளக்கைச் செருகினார்கள். பவர் விளக்கு. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாவது விளக்கு, மூன்றாவது, எல்லாம் கண் சிமிட்டின. மகள் கம்ப்யூட்டரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். மெமரி என்ற இடத்தில் அறுபத்து நாலு என்று போட்டிருந்தது.

டாக்டர் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

மகள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டினதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினாள்.

"சொல்லித் தொலைடி. எத்தனை நாளைக்குக் கையைச் சொல்லியே ஒப்பேத்துவ?" என்றாள் அம்மா.

"என்ன சொல்லணும்?" என்றார் டாக்டர்.

"அப்பா... உங்க கை ஒரு நாளும் ஆடலப்பா" என்றாள் மகள், ஒயரைப் பார்த்துக்கொண்டே. "வாய்தான். ஒரு பல்லை அடைக்க ஒண்ணேகால் மணி நேரம் ஆகுது. வாயைத் திறந்து வச்சுட்டு அவங்களால பதிலும் சொல்ல முடியாது, ஓடவும் முடியாது. வெளில ஏழு பேர் காத்துட்டு இருப்பாங்க. இதை எப்படிப்பா உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது? அதான் கைன்னு சொன்னேன்."

டாக்டரின் கை காலரிலிருந்து இறங்கியது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "புகார் சொன்னாங்களா?"

"பத்துப் பதினஞ்சு பேர்."

"ஒருத்தர்கூட நல்லா இருந்துச்சுன்னு சொல்லலையா?"

"ஒருத்தர் மட்டும் ஒண்ணும் சொல்லல. அவருக்கு முழு மயக்கம் குடுத்திருந்தோம்."

மனைவி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது.

"அவங்க பயப்படக் கூடாதுன்னுதான் பேசறேன்" என்றார் டாக்டர்.

"தெரியும்பா. பேச்சு பேச்சுதான், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாங்க. ஒரே ஒரு கண்டிஷன். அவங்க வாய் திறந்திருக்கிற வரைக்கும் உங்க வாய் மூடியிருக்கணும்."

டாக்டர் பேரம் பேசிப் பார்த்தார். பாட்டு முணுமுணுக்கலாமா? கூடாது. தலையாட்டலாமா? தலையாட்டலாம்.

சனிக்கிழமை முதல் ஆளாக ஒரு பெண் வந்தாள், தையல் கடைக்காரி. கீழ் வரிசையில் சொத்தை. எக்ஸ்ரே படம் திரையில் சட்டென்று முழுசாக வந்தது. டாக்டர் துளைத்தார், சுத்தம் செய்தார், அடைத்தார், மெருகேற்றினார். இருபத்திரண்டு நிமிஷம். உதட்டைக் கடித்துக் கடித்து அது அவருக்கு அவரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் மகள் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

தையல் கடைக்காரி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, டாக்டரின் முகத்தைக் கலவரமாகப் பார்த்தாள். "என்ன டாக்டர், ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க? ஏதாவது பெரிய வியாதியா? மறைக்காம சொல்லிடுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் கதவைப் பார்த்தார். அவள் வாயைப் பார்த்தார். நன்றாக மூடித்தான் இருந்தது.

"அது ஒண்ணுமில்லம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.