கேஜ் கிளாசுக்கு முதுகு

...ஒரே காற்றில் ஒரு புகைபோக்கியின் புகை இந்தப் பக்கம் போகுமாம், அடுத்த புகைபோக்கியின் புகை அந்தப் பக்கம் போகுமாம், அதையும் ஓவியக் கண்காட்சி என்று பத்துப் பேர் கைகட்டி நின்று பார்த்துத் தலையாட்டுகிறார்கள், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது என்று பாய்லர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருஷம் ஆலையில் பாய்லர் ஓட்டியவர், புகையைப் பார்த்தே அடுப்பின் வயிற்றில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார், கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, வெள்ளையாக வந்தால் காற்று கூடிவிட்டது, ஆனால் மாப்பிள்ளை வரைந்த படங்களில் ஊர் முழுக்கப் புகை தார் மாதிரிக் கறுப்பு, இவர் கணக்குப்படி இந்த ஊரில் ஒருத்தனுக்குக்கூட அடுப்பு எரிக்கத் தெரியவில்லை. சொல்லலாம் என்றால் மகள் காலையிலேயே வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டாள், இது நொட்டை அது நொள்ளை என்று ஆரம்பிக்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று. சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரயில் தண்டவாளம், சாயத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், ஷிப்ட் முடிந்து வருகிற கூட்டம் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிச் சுவருக்கு வந்தால்... அங்கே அவரே உட்கார்ந்திருக்கிறார்.

ஆளுயரப் படம். பாய்லர் அறை. முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருப்பது சாட்சாத் அவர்தான், அந்த முன்வழுக்கை, முழங்கைக்கு மேல் சுருட்டிய காக்கிச் சட்டை. வரைந்தது போகட்டும், உட்கார்ந்திருக்கிற லட்சணம்! கேஜ் கிளாசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா? உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுகிற ஒரே கண்ணாடிக் குழாய் அது, தண்ணீர் இறங்குவதைப் பார்க்காமல் விட்டால் பாய்லரும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான். சாப்பிட்டது அதைப் பார்த்து, டீ குடித்தது அதைப் பார்த்து, மேனேஜர் வந்து பேசினாலும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொல்வார், திமிர் பிடித்தவன் என்று பேர்கூட வாங்கினார். ஒரு நிமிஷம் முதுகைத் திருப்பினான் என்று புதிதாய் வந்த ஒருத்தனை அன்றைக்கே கரி தள்ளத் துரத்திவிட்டவர். அவன்தான் பின்னால் நல்ல பாய்லர்காரனானான், சத்தம் என்று பட்டப்பேர், மெதுவாகப் பேசத் தெரியாது. அந்தச் சத்தமும் மற்ற ஷிப்ட் ஆட்களும் ஐந்து மணிக்கு இங்கே வருகிறார்கள், மாப்பிள்ளையே கூப்பிட்டிருக்கிறார். இப்போது மணி நாலே முக்கால். கால் மணி நேரத்தில் முப்பத்தோரு வருஷத்துப் பேர் காற்றில் போய்விடும், எதற்கு, ஒரு ஆள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவான் என்று கேட்டுக்கொள்ளக்கூடத் தெரியாத ஒரு மனிதர் தூரிகையைத் தூக்கியதற்கு. பாய்லரும் அப்படித்தான், இருந்ததைவிட இரண்டு மடங்கு உயரம், மேலே உச்சியே கண்ணுக்கு எட்டவில்லை, அளவு என்று ஒன்று வேண்டாமா...

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, என்ன மாமா, ஏதாவது தப்பு இருக்கா என்று மெதுவாகக் கேட்டார். கேட்டாரே, அதற்காகத்தானே ஒரு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

"இந்த ஒண்ண மட்டும் இறக்கி வச்சிருங்க மாப்ள. நான் ஒரு நாளும் இப்படி உக்காந்தது கிடையாது."

மாப்பிள்ளை படத்திலிருந்த முக்காலியைக் காட்டினார். "உங்க பொண்ணுதான் மாமா சொன்னா. முக்காலி எந்தப் பக்கம் கிடந்துச்சுன்னு கூட அவதான் காட்டினா."

அவளா? அவளுக்கு என்ன தெரியும், பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளை, தண்ணீர் பாதிக்கு மேலே இருந்தால் நல்ல பிள்ளை, கீழே போனால் கெட்ட பிள்ளை என்று விளையாட்டாய்ச் சொல்லி வைத்தது தவிர... எப்போது பார்த்தாள்... ஒரு நாள்கூட இல்லையே... ஒரு நாள்... ஆபீஸ் கிளார்க் ஓடி வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து போன், உங்கள் வீட்டுக்காரம்மா போய்விட்டார்கள் என்று சொன்னானே அந்தச் சாயங்காலம். மாற்று ஆள் வர அரை மணி ஆகும் என்றான். அந்த அரை மணியும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றதாகத்தான் இருபத்தாறு வருஷமாக நினைப்பு. நின்றாரா? முக்காலி எப்படி அடியில் வந்தது, கிளார்க் சொன்னதெல்லாம் காதில் விழும்படி வாசலில் நின்றது யார்? "அப்பா, தண்ணி கீழ போயிருச்சு." அவர் திரும்பவில்லை, கையை மட்டும் நீட்டித் தண்ணீர் விடுகிற வால்வைத் திருகினார். "போதும்பா." கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத் திறங்கப்பா." அந்தக் குரலுக்குக் கை ஓடியது, அவ்வளவுதான், அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. பத்து வயசுப் பிள்ளை. அந்த உயரத்திலிருந்து அண்ணாந்தால் பாய்லர் இவ்வளவு பெரிதாகத்தான் இருந்திருக்கும்.

இத்தனை வருஷத்தில் அவரிடம் இந்தப் பேச்சை எடுத்ததில்லை, நேற்று வந்த மனிதரிடம் சொல்லியிருக்கிறாள் என்று ஒரு பக்கம் எரிச்சலாகத்தான் இருந்தது. அதற்குள் சத்தம் வந்துவிட்டான், கூடவே நாலு பேர். படத்தைப் பார்த்ததும் கூடம் அதிரச் சிரித்தான்.

"என்னண்ணே, எங்கள அந்த விரட்டு விரட்டிட்டு, நீங்க முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்க?"

மாப்பிள்ளை தெரியாமல் வரைந்துவிட்டார் என்று ஒரு வாக்கியம் போதும், பேர் தப்பிவிடும். மாப்பிள்ளையும் ஆமாம் என்று தலையாட்டத் தயாராகத்தான் நிற்கிறார்.

"பாத்துக்க ஆள் இருந்துச்சுப்பா" என்றார் பாய்லர்காரர்.

எந்த ஷிப்டில், யார் அது என்று அவன் விடாமல் குடைந்தான், இவர் பார்வை கூடத்தின் கோடிக்குப் போயிருந்தது. மகள் அந்தக் கோடியில் வந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அரை மணி நேரம் அந்தக் குழாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருக்கிறாள், அப்புறம் ஆஸ்பத்திரி, வீடு நிறைய ஆட்கள், எல்லாரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள், இவள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், மறுநாளும் கொடுத்தாள்... அப்படியென்றால் அந்தப் பிள்ளை தன் அம்மாவுக்காக எப்போது அழுதது...