ஏழு கேஸ்ட்ரிக் எம்.சி.

2024 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. மலேசியாவின் கிள்ளான் நகரில் இடி முழங்கிக்கொண்டிருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை.

லோரி நிறுவனத்தின் விசாரணை அறையில், மேலாளர் கமலநாதன் ஏழு மருத்துவ விடுப்புச் சீட்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். விசாரணைக் குழுவின் இரண்டாம் உறுப்பினரான பண்டகசாலை மேற்பார்வையாளர் கிரிகரி பக்கத்தில் இருந்தார். எதிரே வாணி. பதினோர் ஆண்டுகளாக எல்லாருடைய விடுப்புச் சீட்டுகளையும் கோப்பில் இடுபவள் அவளே. இன்று அவளுடைய சீட்டுகள் பொய் என்று முடிவானால் வேலை போய்விடும்.

“நாலு மாசத்துல ஏழு எம்.சி. எல்லாம் கேஸ்ட்ரிக். குழாய் விட்டு ஸ்கோப் பண்ணிப் பார்த்தா வயிறு சுத்தமா இருக்கு. கிளினிக் கிளினிக்கா ஏறி இறங்கினா எங்களுக்குத் தெரியாதா?” என்றார் கமலநாதன்.

“பொய் இல்ல பாஸ். நெஞ்சு படபடன்னு அடிச்சுது, மூச்சு முட்டிச்சு, செத்துருவேன்னு இருந்துச்சு. நம்ம வீட்டுல அதுக்கெல்லாம் ஒரே பேருதான், கேஸ்ட்ரிக். நானும் அதையே சொன்னேன். கிளினிக் டாக்டருங்களும் அதையே எழுதிட்டாங்க.”

மனநல மருத்துவரின் கடிதத்தை அவள் நீட்டினாள். இதயம் சீராக உள்ளது. திடீரென எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும் பீதி. அடுத்தது எப்போது வருமோ என்று மாதக்கணக்கில் நீடிக்கும் அச்சம். நோய், பீதிக் கோளாறு. சிகிச்சை தொடங்கியுள்ளது, தற்போதைக்குக் கார் ஓட்டக் கூடாது. நெடுஞ்சாலையில் ஒருமுறை காரை ஓரங்கட்டி அழுத பிறகு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவள் ரயிலில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

“ஓ, வயிறு போயி இப்ப மண்டையா?”

“நூத்துல நாலு பேருக்கு இந்த மாதிரி ஏதாவது ஒரு பதற்ற நோய் இருக்குமாம் பாஸ். டாக்டர் சொன்னாரு.”

கமலநாதன் கடிதத்தை விரல் நுனியால் தள்ளினார். “இங்க இருநூறு பேரு. அப்ப எட்டு. நீ ஒண்ணு. மிச்சம் ஏழு பேரு யாருலா? ஃபைல் உன்கிட்டதானே இருக்கு. பேரைச் சொல்லு, இந்தக் கேஸை இப்பவே மூடிடறேன்.”

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்த கிரிகரியின் விரல்கள் நின்றன.

ஒருவரை வாணி அறிவாள். அவர் சீட்டுகளிலும் கேஸ்ட்ரிக் என்றே இருக்கும். அவை ஒவ்வொன்றும் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையில் விழும். அன்றுதான் மேற்பார்வையாளர்கள் எல்லார் முன்னும் எழுந்து நின்று அறிக்கை வாசிக்க வேண்டும். மறுநாள் அவர் வயிற்றுக்கு ஒன்றும் இராது. பிறர் முன் பேச அஞ்சி உடல் நடுங்குவதும் இதே பதற்ற நோய்களில் ஒன்றுதான் என்று மருத்துவர் விளக்கியபோது, அவளுக்குக் கிரிகரியின் முகம் நினைவுக்கு வந்தது.

“ஃபைல்ல இருக்கறது ஃபைல்லயே இருக்கட்டும் பாஸ்.”

“ரொம்ப நல்லவ,” என்றார் கமலநாதன். கணினியின் பக்கம் திரும்பித் தாமே தட்டச்சு செய்தார். மழை பிடித்துக்கொண்டது. அச்சிட்ட தாளை உரக்க வாசித்தார்: குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை, எனினும் நிர்வாகத் தேவை கருதி, வாணி வரும் திங்கட்கிழமை முதல் ஜெஞ்சாரோம் கிடங்கிற்கு மாற்றப்படுகிறார்.

“அங்க ரயில் இல்லியே பாஸ்.”

“கார் ஓட்டிட்டு வா. முடியலன்னா நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போ. நாங்க ஒண்ணும் உன்னை வெரட்டல.”

அவர் கையொப்பமிட்டுத் தாளைக் கிரிகரியிடம் தள்ளினார். இருவர் கையொப்பமும் இன்றி அது செல்லாது. கிரிகரி மருத்துவரின் கடிதத்தை எடுத்து, கார் ஓட்டக் கூடாது என்ற வரியில் சற்று நின்றார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

“நீங்களே கொடுத்துருங்க,” என்றார் கமலநாதன்.

கிரிகரி எழுந்து வந்து தாளை நீட்டினார். வாணி மறுமுனையைப் பிடித்தாள்.

“திங்கக்கிழமையிலேருந்து உங்க எம்.சி.ய வேற ஆளு ஃபைல் பண்ணுவாங்க அண்ணே,” என்றாள்.

அவர் கை தாளை உடனே விடவில்லை. அவள் இழுத்து வாங்கிக்கொண்டாள்.