சத்தம் வராத பெல்மாரேக்கள்

பெல்மாரே குடும்பத்தார் எதைத் தட்டினாலும் சத்தம் வராது. கதவு, தகர வாளி, பக்கத்து வீட்டுக்காரனின் முதுகு, எதுவானாலும் அப்படித்தான். விரிகுடாக் கரையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் கூரைக்கு ஆணி அடிக்க அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆகஸ்ட் பதினைந்து அன்று மட்டும்தான் சங்கடம். அது பிரெஞ்சு வம்சாவளியினரான அக்காடியர்களின் திருநாள். அன்று அவர்கள் எல்லோரும் பானை, சட்டி, கைக்குக் கிடைத்ததை அடித்துக்கொண்டு தெருவில் இறங்குவார்கள். ஆங்கிலேயர்களே, எங்களைக் கப்பலில் ஏற்றித் துரத்தினீர்களே, இதோ இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று உலகத்தின் காது கிழியச் சொல்வார்கள். பெல்மாரேக்களும் வியர்க்க வியர்க்க அடிப்பார்கள். பார்ப்பதற்குக் காற்றில் ஈ ஓட்டுவது போல இருக்கும்.

சிங்கி இறால் பிடிக்கும் ஒனெசிம் பெல்மாரேவுக்கு இதில் வெட்கமே கிடையாது. அவனுடைய அப்பா இலேர் சின்ன வயதிலேயே காரணம் சொல்லியிருந்தார். பிரான்சிலிருந்து முதலில் வந்து, உப்புச் சதுப்பில் மண்ணணை கட்டி, கடலிடமிருந்து புல்வெளியைப் பிடுங்கிய மூதாதை மத்யூரின்தான் பிற்காலத்தில் ஊர்க் கோயிலுக்கு மணி அடித்தவர். ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்தபோது அவருக்கு எண்பத்தோரு வயது. ஊரார் காட்டுக்குள் ஓடித் தப்பிக்கட்டும் என்று அவர் அடித்த அடியில், வம்சத்துக்கென்று இருந்த சத்தம் முழுவதும் அன்றைக்கே செலவாகிவிட்டது. ஒனெசிமுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். மத்யூரின் வரைக்கும் பெயர்களை ஒன்று விடாமல் கோத்து, ஆகஸ்ட் பதினைந்தில் ஒலிபெருக்கி முன் நின்று சொல்லி, தன் குடும்பத்தை ஊர்வலத்தின் முன்வரிசையில் நடக்க வைக்க வேண்டும்.

அந்தக் கரையில் யாரும் யாரையும் பெயர் கேட்பதில்லை, யாருடைய பிள்ளை என்றுதான் கேட்பார்கள். பதிலுக்கு அப்பன், அவனுடைய அப்பன் என்று ஏணி ஏறுவதுபோல ஏற வேண்டும். ஒனெசிமுக்குத் தன் ஏணியில் ஆறு படி தெரியும். ஏழாவதைக் கேட்கப் போன வீட்டிலெல்லாம் ஒரே மாதிரி நடந்தது. முதலில் இருமல். பிறகு உருளைக்கிழங்கைத் துருவிக் கோழியோடு வேக வைத்த ராப்யூர் தட்டு நகர்ந்து வரும்.

"அந்த ஏழாவது ஆளா..." என்று பக்கத்து வீட்டு செலஸ்தின் தொண்டையைச் செருமுவார். "ஆறிப்போவுது ஒனெசிம், இன்னொரு கரண்டி போட்டுக்கோ."

மரியாதையில் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டான். இப்படிப் பதினோரு வருடம் அலைந்ததில் இருபது கிலோ ஏறினான். கடைசியில் ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏழாவது பெயரும், அவருக்கு அப்பாவாக மத்யூரினின் பெயரும் கிடைத்தன. விழாவுக்கு முதல் நாள் காலை, அக்கா லுதிவின் வீட்டு அடுக்களை ஜன்னலருகே நின்று, எட்டுப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தான். மத்யூரின் என்று முடித்து மூச்சை இழுப்பதற்குள், கடல் உள்வாங்கிய சேற்றில் ஒரு கிழவர் மரச்செருப்போடு நடந்து வந்து, காலைத் துடைக்காமல் உள்ளே நுழைந்தார். பலகைத் தரையில் செருப்பு சத்தமே போடவில்லை. சொந்தக்காரர்தான் என்று அதிலேயே தெரிந்தது.

மத்யூரினேதான் என்று ஒனெசிமுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா, அந்த மணிய எவ்ளோ நேரம் அடிச்சீங்க?"

"நான் எங்கடா அடிச்சேன்?" என்றார் கிழவர். "அதோட நாக்குல கம்பளியச் சுத்தி வெச்சேன், யாரும் அடிக்க முடியாதபடி. கடலுக்குள்ள கெடந்த நெலம்டா அது, நான் வெளிய எடுத்தது. ஒன்னையும் ஒம் பசங்களையும் அந்த நெலத்துலயே விட்டுடறோம்னு ஒரு தொப்பிக்காரச் சிப்பாய் சொன்னான்."

"விட்டாங்களா?"

"ரெண்டாவது கப்பல்ல ஏத்துனாங்க."

லுதிவின் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிழவர் முன் சூப்புக் கிண்ணத்தை வைத்தாள். "எப்பவும் போல உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன், ஐயா."

எப்பவும் போல. ஒனெசிம் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"அப்பா எனக்கு எட்டுப் பேரையும் சொன்னாரு," என்றாள் அக்கா. "எட்டையும் சொன்னா இவரு வந்து உண்மையச் சொல்லிடுவாருன்னு ஒனக்கு ஆறோட நிறுத்திக்கிட்டாரு. அந்த மணிக் கதைய நீ அவ்ளோ ஆசையா கேப்ப."

"பதினோரு வருசம்க்கா."

"தேடுறப்ப சந்தோசமா இருந்தியேடா."

மறுநாள் ஒலிபெருக்கி முன் எட்டுப் பெயரையும் சொல்லிவிட்டு, "மணி அடிக்கல. கம்பளி சுத்திட்டாரு," என்றான். யாராவது கல்லெறிவார்கள் என்று ஒரு கணம் காத்து நின்றான். ஊரே இருமியது. பிறகு ராப்யூர் தட்டு மேடைக்கு வந்தது. அதை அவன் தொடவில்லை.

அன்றிலிருந்து பெல்மாரேக்கள் ஊர்வலத்தின் கடைசியில் நடக்கிறார்கள். அங்கே மட்டும்தான் அமைதி என்பதால் தாய்மார்கள் தூங்கும் குழந்தைகளை அவர்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒனெசிம் அக்காவோடு பேசுவதில்லை. தினமும் படகைக் கட்டிவிட்டு மாலை ஐந்தரை மணிக்கு அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, கிழவரின் சூப்புக் கிண்ணத்தை இரும்புக் கரண்டியால் அரை மணி நேரம் அடிக்கிறான். தெருவில் போகிறவர்களுக்கு எதுவும் கேட்காது. லுதிவினுக்கு மட்டும் கேட்கிறது, ஜன்னலைத் திறந்து இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள்.

"போதும்டா ஒனெசிம், காது வலிக்குது!"

அவன் ஆறு மணி வரை அடிக்கிறான்.