சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி

கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணுக்குப் பவர் சொல்வது என் பிழைப்பு. நாற்பத்தாறு வயதில் எனக்கே பவர் வேண்டும் என்று தோன்றியதுதான் வினை.

என் பைக்கின் எஞ்சினைக் கம்பெனியே பாதிதான் திறந்துவிட்டிருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் ஓர் அளவுக்கு மேல் விடாதாம். அதை ஏமாற்ற உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, இரண்டு பிளக். வரவழைத்துவிட்டேன். என் மனைவியின் அண்ணன் பைக் மெக்கானிக். அவருக்கு அது பத்து நிமிட வேலை. ஆனால் சிரிப்பார். அதனால் ஞாயிறு காலை நானே சீட்டைக் கழற்றி உட்கார்ந்தேன். மதியம் எழுந்தபோது இடுப்புதான் பிடித்திருந்தது, மற்றபடி வெற்றி.

தெருமுனை திரும்பியதுமே வித்தியாசம் தெரிந்தது. பைக்கா அது, புலி! மூன்று வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு. சாளேஸ்வரத்துக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒருவர், கண்ணாடியே வேண்டாமென்று போய்விட்டார்.

என் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டு, "எப்பவும் போலதாங்க போகுது" என்றாள்.

"பஸ் ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

அதே வாய்தான் மச்சானையும் வம்புக்கு இழுத்தது. "உங்க பழைய வண்டிய எடுங்க, தண்ணித் தொட்டி மேட்டுல பாத்துடலாம்."

ஆளில்லாத ஏற்றம். பாதி தூரத்தில் மச்சானின் பதினைந்து வயது வண்டி என்னைத் தாண்டியது. அவர் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி கையசைத்தாள்.

மேலே போனதும் மச்சான் என் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, பெட்டியோட ஒரு பிளக்க அதோட இன்னொரு பிளக்லயே சொருகி வச்சிருக்கீங்க. வண்டி ஒயர் பழையபடி அது பாட்டுக்கு இருக்கு. பச்சை லைட் எரியணுமே, பாக்கலயா?"

"வெயில்ல தெரியலன்னு நெனச்சேன்."

"சீட்டுக்கு அடியில ஏது மாப்ளே வெயில்?"

அண்ணனும் தங்கையும் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் அவர் பெட்டியை முறையாக மாட்டினார். பச்சை லைட் எரிந்தது. நான் மானத்தைக் காப்பாற்ற ஏறி, வழக்கம் போல முறுக்கினேன். முன்சக்கரம் வானம் பார்த்தது. யாரோ "ஐயோ" என்று அலறினார்கள், நான்தான். கண் திறந்தபோது நானும் பைக்கும் புதருக்குள் கிடந்தோம். முள் குத்தியதோடு சரி.

"கழட்டிடுங்க மச்சான்."

"இருண்ணே" என்று என் மனைவி பைக்கை நிமிர்த்தினாள். ஏறி, மெல்ல முறுக்கி, மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் கல்யாண போட்டோவில்கூட அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் இல்லை.

"கழட்ட வேணாம்" என்றாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்டுகிறாள், நான் பின்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறேன். "மெதுவா" என்று சொல்ல வாயைத் திறந்தால் பூச்சி உள்ளே போய்விடுகிறது.