திருப்பிச் சொல்லும் விதி

"எங்க ரெண்டு பேரையும் ஒரே ஷிப்ட்ல மட்டும் போட்டுடாதீங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏம்மா, வீட்டுக்காரரோட ஏதாவது தகராறா?"

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்."

அன்று மேலாளர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்குப் புரியுது. இனிமே நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்தும் கொண்டார், பல வருடங்களாக, ஒருமுறைகூடத் தவறாமல்.

உண்மைக் காரணம் கைக்குழந்தை. அம்மா வேலைக்குப் போனால் அப்பா வீட்டில், அப்பா போனால் அம்மா வீட்டில்; ஷிப்ட் மாறும் சிறிது நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஆனால் குழந்தை என்று வாயைத் திறந்தால், அடிக்கடி லீவு போடுகிறவள் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டுவிட்டுக் காரணத்தை விழுங்கிவிட்டாள். விழுங்கிய காரணத்தின் இடத்தில் மேலாளர் தானாக ஒன்றை இட்டு நிரப்பிக்கொண்டார்.

அது பெரிய சலவைக்கூடம். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் துண்டுகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்து உலர்ந்தவை சூடான உருளைகளுக்கு இடையே ஒருபுறம் கசங்கி நுழைந்து, மறுபுறம் அப்பளமாக வெளிவரும். அந்த இஸ்திரிப் பகுதிக்குக் காலையில் அவள் கணவன் பொறுப்பு, மதியத்துக்கு மேல் அவள். மற்றவர்களுக்கு அவர் காலை அண்ணன், இவள் சாயங்கால அக்கா.

ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பதில் அங்கே ஒரு விதி இருந்தது. போகிறவர் சொல்ல வேண்டும், வருகிறவர் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். முன்பு தலையாட்டலோடு முடிந்த காலத்தில், அறுவை சிகிச்சை அறைக்குப் போக வேண்டிய பச்சை விரிப்புகள் ஒரு விடுதிக்குப் போய்விட்டன. தேனிலவுக்கு வந்த ஜோடி, கட்டிலைப் பார்த்துவிட்டு அறையையே காலி செய்துவிட்டதாம். அன்று மேலாளர் கொண்டுவந்த விதி அது.

"மூணாவது உருளைல பெல்ட் தளர்ந்திருக்கு" என்பார் கணவன், செய்தி வாசிக்கிறவர் மாதிரி.

"மூணாவது உருளைல பெல்ட் தளர்ந்திருக்கு."

"நீலப் பை மூட்டை நாளைக்குத்தான் போகணும்."

"நீலப் பை நாளைக்கு."

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். மருந்து போட மறந்துடாத."

"சாப்பாடு மூடி வச்சிருக்கு. மருந்து போடணும்."

இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வேலை இடத்தில் புருஷன் பெண்டாட்டியாக இளிக்கக் கூடாது என்பது அவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. உருளைகளின் இரைச்சலில் பேச்சு யாருக்கும் கேட்காது. முகம் மட்டும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளருக்கு நன்றாகத் தெரியும்.

மடிப்பு மேஜையில் ரேடியோ என்று ஒருத்தி இருந்தாள். இருபத்துநாலு மணிநேர ஒலிபரப்பு. "எலியும் பூனையும்தான். ஒரே கூரைக்குக் கீழ எப்படித்தான் குப்பை கொட்டுறாங்களோ" என்று புதிதாக வருகிற எல்லோருக்கும் அவள்தான் சொல்லிவைப்பாள்.

மகள் வளர்ந்து, படித்து, வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். எதிரெதிர் ஷிப்டுக்கு இப்போது தேவையே இல்லை. ஆனால் கேட்பது எப்படி? தோளுக்கு மேல் வளர்ந்த பெண் இருக்கும்போது, புருஷனோடு சேர்த்துப் போடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

"நீங்க கேளுங்களேன்" என்றாள் கணவனிடம்.

"வேண்டாம்னு கேட்டு வாங்கினது நீ. வேணும்னும் நீதான் கேக்கணும்."

ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள அவர் தூங்கிடறார் மேடம்."

"நம்ம கம்பெனி வேன் அவ்வளவு லேட்டாவா போகுது? டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்றேன்." சொன்னார். வேன் முன்னதாகப் போனது. கணவன் அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

இன்னொரு நாள், "தனியா உக்காந்து சாப்பிடறது ஒரு மாதிரி இருக்கு மேடம்" என்றாள். மறுநாள் முதல் கேன்டீனில் அவள் எதிரே, மேலாளர் உத்தரவின் பேரில், சாப்பாட்டுத் துணைக்கு ரேடியோ உட்கார்ந்திருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவே யோசித்தாள்.

இந்த வாரம் ஒப்படைப்பின் கடைசியில் கணவன் சற்றுத் தயங்கினார். "வீட்ல சத்தமே இல்ல. டி.வி.யைப் போட்டாலும் சத்தமே இல்ல" என்றார்.

விதிப்படி அவளும் சொன்னாள். "வீட்ல சத்தமே இல்ல." ஒப்படைப்புப் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாளே மேலாளர் அவளை அறைக்கு அழைத்தார். இரைச்சல் கதவோடு நின்றது.

"உக்காருங்க. ஒரு நல்ல சேதி. ஊருக்கு வெளியில நம்ம புதுக் கிளை திறக்கப்போகுது. உங்க வீட்டுக்காரரை அங்க பொறுப்பாப் போடலாம்னு இருக்கேன். வாரம் பூரா அங்கயே தங்கல், ரூமும் குடுக்கறோம். திங்கக்கிழமை போர்டுல போட்டுடுவேன்." மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "இனிமே ஷிப்ட் மாறும்போதுகூட நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேச வேண்டியதில்ல. இத்தனை வருஷமா எவ்வளவு பொறுத்துப் போறீங்கன்னு நான் பாத்துட்டுதானே இருக்கேன்."

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனாலும் பழகிய நாக்கு, "சரிங்க மேடம்" என்றுவிட்டது.

எழுந்து கதவுவரை போனவளை மேலாளர் சிரித்தபடி நிறுத்தினார். "அம்மாடி, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க, பாப்போம்."

அவள் கைப்பிடியை விடாமலே சொல்லத் தொடங்கினாள். "அவர் புதுக் கிளைக்குப் போறார்."

"ம்."

"அங்கயே தங்கல்."

"ம்."

"இனிமே நாங்க ரெண்டு பேரும்…"

மூன்றாம் உருளையில் மாட்டிய விரிப்பு போல் பேச்சு அங்கே வந்து சிக்கிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே கணவன், தன் நேரம் முடிந்தும் போகாமல், கையில் சாப்பாட்டுப் பையோடு அவளுக்காக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோ காதைத் தீட்டிக்கொண்டு, மடித்த துண்டையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும்?" என்று எடுத்துக் கொடுத்தார் மேலாளர்.

"அதை என்னால திருப்பிச் சொல்ல முடியாது மேடம்."

"ஏன், நான் சொன்னது சரியாக் கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுது. நான்தான் அன்னிக்குச் சரியாச் சொல்லல." அவள் கதவை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். காது மடல் சுட்டது. "எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. அப்பக் கைக்குழந்தை இருந்துச்சு, ஆள் மாத்தி ஆள் பாத்துக்கணும். அதைச் சொல்லாம விட்டுட்டேன். இப்ப அவ ஹாஸ்டலுக்குப் போயிட்டா."

மேலாளரின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. "அப்போ வேன்… கேன்டீன்…" என்றவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அட கடவுளே! அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்? இந்தத் தடவை நேராச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன்."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள்.

"எங்க ரெண்டு பேரையும் ஒரே ஷிப்ட்ல போடுங்க மேடம்."